எடுக்கலாம் சரி, போடலாமா?

1987இல் மொன்றியல் நகரில் ஒரு கட்டடத்தின் வாசல்படியில் 17 வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் வந்த புகைப்படக் கலைஞர் அவரைப் படம் எடுத்தார். கேட்டு எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு அந்தப் படம் ஒரு கலை இதழில் வந்தது. அந்த இதழ் விற்றது மொத்தமே 722 பிரதிகள். படத்தில் அவரை இழிவாகக் காட்டும் எதுவும் இல்லை. ஆனாலும் தெரிந்தவர்கள் பார்த்தார்கள், சிரித்தார்கள். அந்தப் பெண் வழக்குப் போட்டார். படம் எடுத்து 11 ஆண்டுகள் கழித்து, 1998இல், கனடாவின் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி 2,000 டாலர் இழப்பீட்டை உறுதிசெய்தது.

அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் கைவைத்த இடம்தான் முக்கியம். அடையாளம் தெரியும்படியான படத்தை ஒப்புதல் இல்லாமல் வெளியிட்டதுதான் தவறு என்றார்கள். ஷட்டரை அமுக்கிய நொடியைவிட இதழ் அச்சான நாளைத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

"பொது இடத்தில்தானே நின்றார்கள், எடுத்தால் என்ன தப்பு?" என்பது எல்லோர் வாயிலும் வருகிற கேள்வி. கேள்வியே அரைகுறை. எடுப்பது ஒன்று, வெளியிடுவது ஒன்று, வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது ஒன்று. மூன்றுக்கும் சட்டம் தனித்தனியாகப் பதில் சொல்கிறது. முதலாவதுக்கு ஆம் என்று கிடைத்த பதிலை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கடந்துவிட்டதாக நினைப்பதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன.

எடுப்பதற்குப் பெரும்பாலான நாடுகள் இடம் தருகின்றன. அமெரிக்காவில் தெருவில் கண்ணுக்குத் தெரிவதைப் படம் எடுக்கலாம், பேச்சுரிமையைக் காக்கும் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் துணைக்கு நிற்கிறது. பிரிட்டனிலும் பொதுவான தடை கிடையாது. இந்தியாவிலும் தெருவில் போகிறவரைப் படம் எடுக்காதே என்று ஒரு தனிச் சட்டம் இல்லை. மாறாக, ஹங்கேரியில் 2014இல் வந்த புதிய குடிமைச் சட்டம் எடுப்பதற்கே ஒப்புதல் வேண்டும் என்கிறது. கூட்டத்தைப் பொதுவாக எடுப்பதற்கும் பொதுவாழ்வில் இருப்பவர்களை அவர்களது பொதுப்பணியில் எடுப்பதற்கும் மட்டும் விலக்கு. ஜப்பானில் ஒருவரின் முகத்தையும் தோற்றத்தையும் அவர் சம்மதமின்றிக் காரணமில்லாமல் படமெடுக்கக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1969இலேயே ஏற்றுக்கொண்டது. ஊர்வலத்தைக் காவல்துறை படம் எடுத்ததில் கிளம்பிய வழக்கு அது. ஆகவே வெளிநாடு போகிறவர்கள் விசாவைப் பார்ப்பதுபோல இதையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது நல்லது.

ஜெர்மனியின் கதை கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தக்கது. 1898இல் முன்னாள் ஜெர்மன் அதிபர் பிஸ்மார்க் இறந்த இரவில் இரண்டு புகைப்படக்காரர்கள் அவரது அறைக்குள் நுழைந்து பிணத்தைப் படம் எடுத்து விற்கப் பார்த்தார்கள். அத்துமீறி நுழைந்ததை வைத்துத்தான் நீதிமன்றம் அவர்களைப் பிடிக்க முடிந்தது, ஏனென்றால் உருவத்தின் மீதான உரிமை என்று ஒன்று அப்போது சட்டத்தில் இல்லை. அந்த ஓட்டையை அடைக்க 1907இல் வந்த சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் உருவத்தைப் பரப்புவதற்கும் காட்சிக்கு வைப்பதற்கும் அவர் ஒப்புதல் வேண்டும். இறந்தபின் 10 ஆண்டு வரை நெருங்கிய உறவினரின் ஒப்புதல் வேண்டும். விலக்குகளில் நமக்கு அதிகம் உதவுவது இரண்டு: இயற்கைக்காட்சியிலோ ஓர் இடத்தின் படத்திலோ ஓரமாக, துணைப்பொருள்போல விழுந்தவர்கள், ஊர்வலம், கூட்டம் போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள்.

"துணைப்பொருள்" என்ற அளவுகோலை ஜெர்மனிக்கு வெளியிலும் பயன்படுத்தலாம். அந்த ஆளைப் படத்திலிருந்து எடுத்துவிட்டால் படம் நிற்குமா என்று கேட்டுப் பாருங்கள். கோபுரத்தின் முன்னால் சிறிதாக நடந்துபோகும் நால்வரை நீக்கினாலும் கோபுரப் படம் கோபுரப் படமாகவே இருக்கும். அதே இடத்தில் தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 200 மி.மீ. லென்ஸ் போட்டு ஒருவர் முகத்தை மட்டும் கூர்மையாக வைத்துப் பின்னால் எல்லாவற்றையும் மங்கவிட்டால், படம் அவரைப் பற்றியது. கோபுரம்தான் இப்போது துணைப்பொருள். சட்டம் தெரியாத ஊரில் நிற்கும்போது இந்த ஒரு சோதனை பல தவறுகளைத் தடுக்கும்.

கலைக்கு எங்கே எவ்வளவு இடம் என்பதில் நாடுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே நிற்கின்றன. மொன்றியல் தீர்ப்புக்கு நேர் எதிரான ஒன்று நியூயார்க்கில் வந்தது. பிலிப்-லோர்கா டிகோர்சியா என்ற புகைப்படக் கலைஞர் டைம்ஸ் சதுக்கத்தில் விளக்குகளைக் கட்டிவைத்து, தொலைவிலிருந்து வழிப்போக்கர்களின் முகங்களை அவர்கள் அறியாமல் எடுத்தார். ஒவ்வொரு படத்திலும் 10 பிரதிகள், ஒன்று 20,000 முதல் 30,000 டாலர் வரை விலை. அதில் ஒருவர், உருவம் பதிவதையே தம் மதநம்பிக்கை ஏற்காது என்று வழக்குத் தொடுத்தார். 2006இல் வழக்குத் தள்ளுபடியானது. படம் விலைக்கு விற்றாலும் அது கலைதான், விளம்பரமோ வணிகமோ ஆகாது என்றது நீதிமன்றம். அந்தப் பெரியவரின் மனவருத்தத்தைப் புரிந்துகொள்வதாகவும் ஆனால் சட்டம் அவருக்கு உதவாது என்றும் ஆனது. எனக்கு இந்தத் தீர்ப்பு சரியாகவும் படுகிறது, உறுத்தவும் செய்கிறது. தெருவின் படம் வேண்டும் என்றால் இப்படித்தான் தீர்ப்பு இருக்க முடியும். ஆனால் சட்டம் அனுமதித்ததையெல்லாம் செய்துதான் ஆகவேண்டும் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

அடுத்து, பொது இடம் என்பதற்குள்ளேயே இருக்கும் அந்தரங்கம். உடலின் மறைவான பகுதியைப் படம் எடுப்பது, தெருவில் நடந்தாலும், பல நாடுகளில் குற்றம். பாவாடைக்குக் கீழே கேமராவை நீட்டும் இழிசெயலுக்கு இங்கிலாந்தும் வேல்ஸும் 2019 சட்டத்தில் 2 ஆண்டு வரை சிறை வைத்தன. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஆண், பெண் வேறுபாடு அதில் இல்லை. பெண்ணின் அந்தரங்கச் செயலைப் படம் பிடிப்பதைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த புதிய சட்டம்) 77ஆம் பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது. படம் எடுக்கச் சம்மதித்த பெண், அதைப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்பியவர் குற்றவாளி. எடுப்பதும் வெளியிடுவதும் வேறுவேறு என்பதைச் சட்டப்புத்தகமே இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

உடலைத் தாண்டியும் அந்தரங்கம் உண்டு. பிரிட்டனில் மனமுடைந்த ஒருவர் இரவில் தெருவில் கத்தியோடு நின்றதைக் கண்காணிப்புக் கேமரா பதிவுசெய்தது. அந்தக் கேமராவால்தான் காவலர்கள் வந்து அவர் உயிர் பிழைத்தார். ஆனால் பிறகு அந்தப் பதிவை ஊடகங்களுக்குக் கொடுத்தார்கள், தொலைக்காட்சியில் வந்தது, அறிந்தவர்கள் அவரை அடையாளம் கண்டார்கள். 2003இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவரது தனிவாழ்வுக்கான உரிமை மீறப்பட்டது என்றது. தெருவில் நின்றவர் அந்த வழியே போகிறவர்கள் பார்ப்பதை ஏற்றுக்கொண்டார் என்று சொல்லலாம், நாடே பார்ப்பதை அல்ல. விபத்தில் கிடப்பவர், மயங்கி விழுந்தவர், குடித்துவிட்டுத் தன்னிலை இழந்தவர், பிணத்தின் அருகில் அழுகிறவர் ஆகிய எல்லோருக்கும் இதையே பொருத்திப் பார்க்கலாம். ஜெர்மனியில் ஒருவரின் ஆதரவற்ற நிலையைக் காட்சிப்பொருளாக்கும் படத்துக்குத் தனியாகவே தண்டனை இருக்கிறது.

மால், ரயில் நிலையம், அருங்காட்சியகம், மருத்துவமனை வராந்தா ஆகியவை பொதுமக்கள் வரும் இடங்கள்தான், ஆனால் அங்கே விதி வைப்பவர் வேறொருவர். அவர் படம் கூடாது என்றால் நிறுத்த வேண்டும், வெளியே போகச் சொன்னால் போக வேண்டும். போக மறுத்தால் அத்துமீறலாகிவிடும். ஆனால் அந்த இடத்தின் காவலாளி உங்கள் கேமராவைப் பிடுங்கவோ கார்டை எடுக்கவோ உரிமை பெற்றவர் அல்ல. காவல்துறையைப் படம் எடுப்பதில் அமெரிக்காவில் 2011இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஒரு மைல்கல். பாஸ்டன் பூங்காவில் ஒரு கைதைத் தன் மொபைலில் பதிவுசெய்தவரையே கைதுசெய்தது தவறு, பொது இடத்தில் பணியிலிருக்கும் காவலரைப் பதிவுசெய்வது உரிமை என்றது. அங்கே கைதானவரின் மொபைலுக்குள் தேடுவதற்கு வாரண்ட் வேண்டும் என்பது 2014 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. எந்த நாடானாலும், காவலரோ காவலாளியோ அழிக்கச் சொல்லி அதட்டினால் அந்த இடத்தில் வாதம் பண்ணாதீர்கள். எந்தச் சட்டத்தின் கீழ் என்று ஒரே ஒருமுறை அமைதியாகக் கேளுங்கள், மேலதிகாரியின் பெயரைக் கேளுங்கள், கேமராவை அணைத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். ராணுவ நிலையம் போன்ற தடைசெய்யப்பட்ட இடங்களில் இந்த வாதமே செல்லாது, அங்கே கேமராவை வெளியிலேயே எடுக்கக் கூடாது.

வெளியிடும்போது படத்தைவிட ஆபத்தானது படவிளக்கம். 1940களில் அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் ஒரு சிறுமி காரில் அடிபட்டாள். தவறு ஓட்டுநர் மேல். ஒருவர் அவளைத் தூக்கும் படம் மறுநாள் செய்தித்தாளில் வந்தது, அது செய்தி, அதில் சட்டப் பிரச்சினை இல்லை. 20 மாதம் கழித்து அதே படத்தை ஒரு வார இதழ், பாதசாரிகளின் கவனக்குறைவு பற்றிய கட்டுரைக்குப் போட்டது. சாலையைப் பார்க்காமல் ஓடியவளைப்போல அவள் ஆகிவிட்டாள். 1951இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதழுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஒரு புள்ளிகூட மாறாத படம், பக்கத்தில் இருந்த சொற்கள் மாறியதால் தவறானது. இன்றைக்கு இது தினசரி நடக்கிறது. நீரிழிவு பற்றிய பதிவுக்குத் தெருவில் போன பருத்த உடல்காரரின் படம், போதைப்பழக்கம் பற்றிய கட்டுரைக்குச் சுவரோரம் உட்கார்ந்திருந்த இளைஞரின் படம். முகம் தெரியும் எந்தப் படத்தையும் நோய், குற்றம், பாலியல், வறுமை என்ற தலைப்புகளுக்கு அலங்காரமாக வைக்காதீர்கள். படத்தில் நடப்பதை மட்டும் எழுதுங்கள்.

வியாபாரத்துக்கு வந்தால் உலகம் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகிறது. நியூயார்க் மாநிலத்தில் ஓர் இளம்பெண்ணின் படத்தை அவரைக் கேட்காமல் மாவு விளம்பரத்தில் 25,000 பிரதிகள் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். சட்டத்தில் இடமில்லை என்று 1902இல் நீதிமன்றம் கைவிரித்தது. மக்கள் கொதித்தார்கள். 1903லேயே சட்டம் வந்தது: விளம்பரத்துக்கும் வணிகத்துக்கும் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றமும் 1994இல், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதமில்லாமல் பயன்படுத்துவது அவரது தனியுரிமையை மீறுவதற்கு எடுத்துக்காட்டு என்று எழுதியது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்றே அறிவித்தது.

கிரியேட்டிவ் காமன்ஸ் (எடுத்தவரே மற்றவர்கள் பயன்படுத்த முன்கூட்டித் தரும் பொது அனுமதி) உரிமத்தில் கிடைத்த படம் என்றால் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த உரிமம் தருவது எடுத்தவரின் பதிப்புரிமையிலிருந்து ஒரு பங்கு மட்டும். படத்தில் இருப்பவர் எதையும் தந்திருக்க மாட்டார். 2007இல் ஒரு பதின்வயதுப் பெண்ணின் படம், முகாமில் யாரோ எடுத்து இணையத்தில் அந்த உரிமத்தில் போட்டது, வேறொரு கண்டத்தில் ஒரு மொபைல் நிறுவனத்தின் விளம்பரப் பலகையில் நின்றது. குடும்பம் வழக்குக்குப் போக வேண்டியிருந்தது.

எழுத்துமூல ஒப்புதலைத் தொழிலில் மாடல் ரிலீஸ் என்பார்கள். ஒரு பக்கம் போதும், ஆனால் அதில் இருக்க வேண்டியவை இருக்க வேண்டும். அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், படமெடுத்த தேதியும் இடமும், எந்தெந்தப் பயன்பாடு, எந்த ஊடகம், எவ்வளவு காலம், எந்த நாடுகளில், கைம்மாறு என்ன, படத்தைத் திருத்தலாமா, செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குக் கொடுக்கலாமா, இரு தரப்புக் கையெழுத்து, ஒரு சாட்சி. நோய், பாலியல் போன்ற தலைப்புகளுக்குப் பயன்படுத்துவதற்குத் தனி வரியும் தனிக் கையெழுத்தும் வையுங்கள். நடைமுறையில் எங்கே சறுக்குகிறது என்றால், ஐந்து பேர் குழுவுக்கு ஒரே தாளில் கையெழுத்து வாங்குவதில். ஒருவர் பின்வாங்கினால் தாள் முழுவதும் கேள்விக்குள்ளாகும். ஆளுக்கொரு தாள். அடுத்த சறுக்கல், தாளில் படம் இல்லாதது. மூன்று வருடம் கழித்து நாற்பது ரிலீஸ்களை வைத்துக்கொண்டு எது யாருடையது என்று முழிக்க நேரும். சிறு பிரதி ஒன்றை ஒட்டி, கோப்பு எண்ணையும் எழுதிவிடுங்கள். மூன்றாவது, கையெழுத்துப் போடுகிறவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில் படிவம் இருப்பது. அப்படி வாங்கிய ஒப்புதலை நான் ஒப்புதல் என்று சொல்ல மாட்டேன். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளர் கையெழுத்து. பள்ளி ஆசிரியரோ உடன் வந்த மாமாவோ போட்டது செல்லாது. அதற்கு மேல், அந்தக் குழந்தையையும் கேளுங்கள். குற்ற வழக்கில் தொடர்புடைய குழந்தையின் அடையாளத்தை, பாதிக்கப்பட்டவராக இருந்தாலும் குற்றம் சாட்டப்பட்டவராக இருந்தாலும், வெளியிடுவது இந்தியாவில் குற்றம்.

தெருவில் படிவத்தோடு அலைய முடியாது. அங்கே ஒப்புதல் உடல்மொழியில் நடக்கிறது, அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கேமராவைக் கண்ணுக்கு ஏற்றாமல் நெஞ்சளவில் நிறுத்துங்கள். அவர் பார்வையைச் சந்தியுங்கள். இரண்டு நொடி காத்திருங்கள். தலையசைத்தால், நிமிர்ந்து உட்கார்ந்தால், தோளைத் தளர்த்தினால் சம்மதம். முகத்தைத் திருப்பினால், துணியை இழுத்து மூடினால், கை முன்னால் வந்தால் இல்லை. சங்கடச் சிரிப்பு சம்மதம் ஆகாது. சிரித்துக்கொண்டே உடல் பின்னால் நகர்கிறதா என்று பாருங்கள். எடுத்தபின் திரையைத் திருப்பிக் காட்டுங்கள். காட்டும்போதே இரண்டாவது கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: "இதை இணையத்தில் போடலாமா?" முதலாவதுக்கு மகிழ்ச்சியாக ஆம் சொன்னவர் இதற்கு வேண்டாம் என்பது அடிக்கடி நடக்கும். அதற்குக் காரணம் கேட்காதீர்கள். ஒருவர் எங்கே, யாருடன் இருந்தார் என்பதே அவருக்கு ஆபத்தாக இருக்கலாம்.

படத்தில் இருப்பவர் அழிக்கச் சொன்னால் அவர் முன்னாலேயே அழியுங்கள், முழுதாக. மொபைலில் நீக்கிய படம் சமீபத்தில் நீக்கியவை என்ற இடத்தில் இன்னும் கிடக்கும். அங்கேயும் போக வேண்டும். தானாக மேகச் சேமிப்புக்கு (கிளவுட்) போயிருந்தால் அங்கேயும். இரண்டு கார்டு போடும் கேமராவில் இரண்டாவது கார்டு மறந்துபோகும்.

முகத்தை மறைத்துப் போடலாம் என்று முடிவெடுத்தால் ஒழுங்காக மறையுங்கள். பொதுவாக நடப்பது இது: மொபைலில் படத்தைத் திறந்து, கறுப்பு மார்க்கரை எடுத்து, முகத்தின்மேல் நாலு இழுப்பு இழுத்து, சேமித்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த மார்க்கர் ஹைலைட்டர் வகை என்றால் அது முழுக் கறுப்பு அல்ல, ஒளி ஊடுருவும் சாயம். பார்க்கிறவர் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் எக்ஸ்போஷரையும் ஷேடோவையும் உச்சிக்கு ஏற்றினால் மூக்கும் கண்ணும் மெல்ல எழுந்து வரும். லேசான மங்கலும் சிறு கட்ட மொசைக்கும் இதேபோல நம்பத் தக்கவை அல்ல. முழுக் கறுப்புச் செவ்வகம் போட்டு, புதிய கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். சில மென்பொருள்கள் படக் கோப்புக்குள் பழைய சிறுபிரதியை அப்படியே விட்டுவைக்கும், அதையும் இருப்பிடத் தகவலையும் மெட்டாடேட்டாவோடு (கோப்புக்குள் படத்தோடு சேர்ந்திருக்கும் விவரங்கள்) நீக்குங்கள். படத்தை அரட்டைச் செயலியில் ஆவணமாக அனுப்பினால் இருப்பிடம் கூடவே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். வெட்டிய பகுதிகூடக் கோப்பிலேயே ஒளிந்திருந்த ஒரு பிழை 2023இல் சில மொபைல்களில் வெளிவந்தது. முகத்தை மறைத்துவிட்டுப் பச்சை குத்தியதை, பள்ளிச் சின்னத்தை, வண்டி எண்ணை, கண்ணாடியில் விழுந்த பிம்பத்தை விட்டால் மறைத்ததில் பயனில்லை. காணொளி என்றால் குரலும் அடையாளம்தான். அனுமதியின்றி உரையாடலைப் பதிவுசெய்வதற்குப் பல நாடுகளில் படத்தைவிடக் கடுமையான தனிச் சட்டம் இருக்கிறது.

வெளியிட்ட பிறகு ஒருவர் வந்து எடுத்துவிடச் சொன்னால் என்ன செய்வது? கையெழுத்திட்ட ரிலீஸ் இருந்தால் சட்டப்படி பெரும்பாலும் நீங்கள் மறுக்கலாம். நான் மறுக்க மாட்டேன், செய்தி மதிப்புள்ள படமாக இருந்தால் தவிர. 2009இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்த கிரேக்க வழக்கில், பிறந்த மறுநாள் குழந்தையை மருத்துவமனைப் புகைப்படக்காரர் பெற்றோரைக் கேட்காமல் எடுத்திருந்தார். பெற்றோர் நெகட்டிவைக் கேட்டார்கள், தரவில்லை. படம் எங்கும் வெளியாகவில்லை. அப்படியும், ஒருவரின் உருவம் அவர் விருப்பத்துக்கு மாறாக அடுத்தவர் கையில் இருப்பதே மீறல் என்றது நீதிமன்றம். உங்கள் பக்கத்திலிருந்து நீக்குங்கள். தேடுபொறிகளில் பழைய பிரதியை அகற்ற விண்ணப்பியுங்கள். படங்களைச் சேர்த்துவைத்து விற்கும் ஸ்டாக் நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தால் கோப்பு எண்ணோடு எழுதுங்கள், ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்து அது திரும்பி வராது என்பதைக் கேட்டவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்ட தேதியையும் நீக்கிய தேதியையும் அந்த ரிலீஸ் தாளின் பின்பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.